பிளாக்மேஜிக் வீடியோஹப் 20க்கு 20: போர்ட் 9990 வழியாக ஓட்டிப் பார்த்தால்

இருபது எஸ்டிஐ (தொழில்முறை வீடியோ கேபிள்) உள்ளீடு, இருபது வெளியீடு. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரே கேமராவை இருபது இடத்துக்கும் அனுப்பலாம். பிளாக்மேஜிக் டிசைனின் வீடியோஹப் 20க்கு 20 12ஜி செய்கிற வேலை இவ்வளவுதான். 2160பி60 (விநாடிக்கு 60 ஃபிரேம் 4கே) வரை தாங்கும். முன்பக்கத்தில் பட்டன்களும் திருகு குமிழும் சின்னத் திரையும் உண்டு. ஆனால் இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்க முதல் காரணம் பின்பக்கத்து ஈதர்நெட் சாக்கெட். வெறும் எழுத்தாலேயே அதனோடு பேசலாம். எப்படிப் பேசுவது என்ற நெறிமுறையை (புரோட்டோகால்) நிறுவனமே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் ஏடெம் வீடியோ சுவிட்சர்களில் யூடிபி 9910 வழியாகப் போகிற பைனரி பாக்கெட்டுகளை ஆர்வலர்கள் பிடித்து ஆராய்ந்துதான் புரிந்துகொண்டார்கள். இங்கே அந்தப் பாடு இல்லை.

முதலில் யூஎஸ்பி கேபிளை மாட்டி, வீடியோஹப் செட்டப் மென்பொருளில் நிலையான ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். முகவரியை நெட்வொர்க்கே தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியில் விட்டால், முகவரி மாறுகிற அன்று ஸ்கிரிப்ட் அத்தனையும் ஒன்றாக நிற்கும். பிறகு புட்டி என்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து, 'டெல்நெட்' அல்ல, 'ரா' முறையைத் தேர்ந்தெடுத்து, டிசிபி போர்ட் 9990க்கு இணையுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் எதையும் கேட்காது. இணைந்த உடனே பெட்டி தன் முழு நிலையையும் கொட்டிவிடும்: நெறிமுறைப் பதிப்பு, மாடல் பெயர், உள்ளீட்டுப் பெயர்கள், வெளியீட்டுப் பெயர்கள், பூட்டுகள், எந்த வெளியீட்டில் எது ஓடுகிறது என்ற பட்டியல். ஒவ்வொரு தொகுதிக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு, கடைசியில் முக்காற்புள்ளி. தொகுதி முடிந்தால் ஒரு வெற்று வரி. புதிய ஃபர்ம்வேரில் 'எண்ட் ப்ரீல்யூட்' என்ற தொகுதி வந்தால் கொட்டல் முடிந்தது என்று பொருள்.

கட்டளையும் இதே வடிவம்தான். எட்டாவது வெளியீட்டில் இருக்கிற எல்இடி வாலுக்கு மூன்றாவது கேமராவை அனுப்ப, தலைப்பை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து இப்படி:

வீடியோ அவுட்புட் ரவுட்டிங்:
7 2
(வெற்று வரி)

எட்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 2. பெட்டியின் மேல் எண்கள் 1இல் தொடங்க, நெறிமுறை 0இல் தொடங்குகிறது. அதைவிட ஆபத்தானது வரிசை. நாம் வாயால் சொல்வது 'கேமரா மூணை வாலுக்குப் போடு'. பெட்டி எதிர்பார்ப்பது முதலில் வெளியீடு, பிறகு உள்ளீடு. 20க்கு 20இல் இரண்டு பக்கமும் 0 முதல் 19 வரை செல்லுபடியாகும் என்பதால், மாற்றிப் போட்டாலும் பிழை என்று எதுவும் வராது. 2 7 என்று அனுப்பினால் மூன்றாவது வெளியீட்டில் எட்டாவது உள்ளீடு அமைதியாகப் போய் உட்காரும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் 1ஐக் கழிப்பதையும் வரிசையையும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் பேனலில் இருக்கிற எண்ணையே பயன்படுத்துவது நல்லது.

கடைசி வெற்று வரியை மறந்தால் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும். 'வேலை செய்யவில்லை' என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லினக்ஸில் நெட்கேட் (எழுத்தை நெட்வொர்க்கில் அனுப்பும் கருவி) வழியாக அனுப்பும்போது பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்தி, முடிவில் இரண்டு நியூலைன் கொடுங்கள். நெட்கேட் உடனே இணைப்பை மூடிவிடாமல் இரண்டு விநாடி காத்திருக்கும்படி டைம்அவுட்டும் வையுங்கள். இல்லையென்றால் பதிலைப் பார்க்கவே முடியாது.

பதிலாக வருவது 'ஏசிகே' (ஏற்பு) அல்லது 'என்ஏகே' (மறுப்பு). இந்த நெறிமுறையில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இதுதான். ஏசிகே என்பது கடிதம் கைக்கு வந்தது என்கிற ஒப்புகைச் சீட்டு; கடிதத்தில் கேட்டது நடந்தது என்பதற்கு அது சான்று அல்ல. கட்டளை புரிந்தது என்பதோடு அதன் அர்த்தம் முடிகிறது. உண்மையில் மாறியதா என்பது பின்னால் வருகிற நிலைத் தொகுதியில்தான் தெரியும். வேறொருவர் அந்த வெளியீட்டைப் பூட்டியிருந்தாலோ, அதே நொடியில் இன்னொரு பேனலில் யாராவது பட்டனை அழுத்தியிருந்தாலோ, ஏசிகே வந்த பிறகும் திரையில் பழைய படமே இருக்கலாம். அதனால் உங்கள் மென்பொருளின் பட்டனில் விளக்கு எரிய வேண்டியது ஏசிகேயைப் பார்த்து அல்ல, திரும்பி வருகிற '7 2' வரியைப் பார்த்து. சந்தேகம் வந்தால் தலைப்பை மட்டும், அடியில் எண் எதுவும் இல்லாமல், வெற்று வரியோடு அனுப்புங்கள். முழுப் பட்டியலும் திரும்ப வரும்.

இதிலேயே ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. யார் எங்கிருந்து மாற்றினாலும், இணைந்திருக்கிற எல்லோருக்கும் அந்த மாற்றம் தானாக வந்து சேர்கிறது. விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே தொகுதியில் பல வரிகளும் அனுப்பலாம். நிகழ்ச்சி தொடங்கும்போது பன்னிரண்டு வெளியீடுகளை மாற்ற வேண்டுமா, தலைப்பின் கீழ் பன்னிரண்டு வரி, ஒரு வெற்று வரி, போதும். தனித்தனியாகப் பன்னிரண்டு தொகுதி அனுப்பாதீர்கள்.

பைத்தானில் எழுதுகிறவர்கள் ஒரு தடவை ரிசீவ் செய்தால் முழு நிலையும் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. டிசிபி அதைத் துண்டு துண்டாகத் தரும்; தாங்கியில் (பஃபர்) சேர்த்து, வெற்று வரியை வைத்துப் பிரித்தெடுங்கள். பெயர் வரிகளை முதல் இடைவெளியில் மட்டும் பிரிக்க வேண்டும், ஏனென்றால் 'கேம் 1 இடது' மாதிரி பெயருக்குள்ளேயே இடைவெளி இருக்கும். தெரியாத தலைப்பு வந்தால் வெற்று வரி வரை தாண்டிப் போங்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்த மறுநாள் உங்கள் புரோகிராம் விழாமல் இருக்கும்.

பூட்டுக்கு நான்கு எழுத்துகள்: ஓ என்றால் நீங்கள் பூட்டியது, எல் என்றால் வேறொருவர் பூட்டியது, யூ என்றால் திறந்தது, எஃப் என்று அனுப்பினால் வலுக்கட்டாயமாகத் திறக்கும். உரிமையை ஐபி முகவரியை வைத்துத்தான் பார்க்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மென்பொருள் ஓடினால் இரண்டுக்கும் அது சொந்தப் பூட்டு. நேரலையில் போகிற வெளியீட்டைப் பூட்டி வையுங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். எஃப் தெரிந்தவர் யாரும் திறக்கலாம்.

உண்மையான குறை அதுதான். பாஸ்வேர்டும் இல்லை, குறியாக்கமும் இல்லை. 9990ஐ எட்டக்கூடிய எவரும் உங்கள் திரைகளை மாற்றலாம். விருந்தினர் வைஃபை ஓடுகிற அதே நெட்வொர்க்கில் இதைப் போடவே கூடாது. தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த நெட்வொர்க்), அல்லது தனி சுவிட்ச்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 'பிங்' தொகுதியைச் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்புங்கள். நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்சின் மின்சாரம் போய் வந்தால், உங்கள் பக்கத்து சாக்கெட் அது தெரியாமல் திறந்தே இருக்கும். பதில் வராவிட்டால் மூடிவிட்டு மீண்டும் இணையுங்கள். கொட்டல் புதிதாக வரும், நிலையும் சரியாகிவிடும்.

வாங்குமுன் இன்னொன்று. இது வெறும் வீடியோ ரவுட்டர்தான்; கட், மிக்ஸ் செய்கிற சுவிட்சர் அல்ல. மூலங்கள் எல்லாம் ஒரே ரெஃபரன்ஸில் (பொதுவான நேரச் சிக்னல்) பூட்டப்படாமல் இருந்தால், மாற்றுகிற நொடியில் படம் குதிக்கும். எல்இடி பிராசசர் கறுப்பாகிவிட்டு வரவும் கூடும். ஜென்லாக் (அப்படிப் பூட்டும்) வசதி இல்லாத கேமராக்களோடு நேரலைத் திரையிலேயே மாற்றியாக வேண்டும் என்றால், ஸ்மார்ட் வீடியோஹப் கிளீன்ஸ்விட்ச் 12க்கு 12ஐப் பாருங்கள். அதன் பன்னிரண்டு உள்ளீடுகளிலும் ரீசிங்க் (நேரத்தைச் சரிசெய்து ஒத்துப்போக வைப்பது) உண்டு. 6ஜி எஸ்டிஐ வரைதான், எல்லா மூலமும் ஒரே ஃபார்மட்டில் இருக்க வேண்டும், ஆனால் மேலே சொன்ன கட்டளைகள் அதிலும் அப்படியே ஓடும்.