குருமட விடுதியில் முதுமைக்காலம்: உள்ளே வாழ்பவரின் மதிப்பீடு

கிறித்தவக் குருக்களாகப் பயிற்சி பெறும் குருமட மாணவர்கள் தங்கிப் படித்த பழைய விடுதியொன்றை முதியோர் குடியிருப்பாக மாற்றியமைத்த கட்டடத்தில் நான் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். வந்த புதிதில் அதன் அழகு மட்டுமே கண்ணில் பட்டது; நாள்பட வாழ்ந்த பிறகே குணமும் குறையும் தெளிவாகின.

பழங்காலக் கட்டடங்களைச் சமூகப் பயனுள்ள பணிக்கு விடுவது அவற்றின் பாதுகாப்புக்கு உதவும், ஆனால் அதற்காக அவற்றின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்கிறது பழங்காலச் சின்னங்களைப் பேணுவதற்கான பன்னாட்டு நெறிமுறையான, 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஒருவர் உறங்கவும் படிக்கவும் மட்டுமே அளந்து கட்டிய அறையில் சக்கர நாற்காலி திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள இடமும், தனிக் குளியலறையும் வேண்டும் என்னும்போது, இவ்விதியை முழுமையாகக் காப்பது கடினம். இங்கே இரண்டிரண்டு அறைகளை உட்புறமாக இணைத்தார்களே தவிர, நீண்ட நடைக்கூடத்தைத் துண்டாடவில்லை. அந்த முடிவுக்கு நான் மிகவும் நன்றியுடையவன். மழை நாளிலும் உள்ளேயே நடை பழகுகிறோம். திறந்த கதவுகளைக் கடக்கையில் நலம் விசாரிக்காமல் செல்பவர் அரிது. மாணவர்களை ஒரே ஒழுங்கில் பிணைக்க வகுத்த அமைப்பு, தனிமை வாட்டும் வயதில் எங்களுக்குத் துணையாகிறது.

தடித்த சுவர்கள் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகின்றன. ஆனால் சில இடங்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசியதால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தது. மீண்டும் சுண்ணாம்பே பூசிய பின்னர்தான் சீரானது.

பெரிய குறை, பொதுக்கூடமாகிவிட்ட சிற்றாலயத்தில் இருந்தது. உயர்ந்த வளைகூரையில் பாடல் இனிமையாக ஒலிக்கும். பேச்சோ எதிரொலியில் கரைந்துவிடும். காதொலிக் கருவி அணிந்த நாங்கள் கூட்டங்களில் வெறுமனே அமர்ந்திருந்தோம். ஒலிவாங்கியின் ஒலியைக் காந்தப்புலம் வழியாக நேரே கருவிக்கு அனுப்பும் தூண்டல் வளையம் பதித்த பிறகு அந்நிலை மாறியது. மாற்றுப்பணியின் தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

வெளிச்சம் இன்னும் போதவில்லை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சேரும் என்பார்கள். இங்குள்ள மங்கலான விளக்குகளோ மரபழகுக்காக விடப்பட்டவை. தேய்ந்த படிகளின் விளிம்பில் நிறப்பட்டை ஒட்டியது மட்டும் ஆறுதல்.

இத்தகைய இல்லத்தில் சேர விரும்புவோர் அந்தி சாய்ந்த பிறகு சென்று படிகளையும் நடைக்கூடத்தையும் பாருங்கள். காதொலிக் கருவியுடன் பொதுக்கூடத்தில் ஒரு கூட்டம் முடியும்வரை அமர்ந்து கேளுங்கள்.