அடுத்த பாம்பு: கார்ன் ஸ்நேக்கா, பால் பைத்தானா?

வீட்டில் பாம்பு வளர்க்கும் உங்களுக்கு இன்னும் ஒரு கூண்டுக்குத்தான் இடம் என்றால் கார்ன் ஸ்நேக்கையே சொல்வேன். அமெரிக்கத் தென்கிழக்கைச் சேர்ந்தது. சூடான மூலையில் 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம் போதும். வைத்த எலியைப் பெரும்பாலும் மறுக்காது. தப்பிப்பதில்தான் கெட்டிக்காரன்: தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும், மூடிக்குத் தாழ்ப்பாள் கட்டாயம்.

மேற்கு ஆப்பிரிக்க பால் பைத்தான், அதாவது பந்து (ball) மலைப்பாம்பு, சாது. ஆனால் 32 டிகிரி சூடும் 60 சதவீதத்துக்கு மேல் ஈரமும் கேட்கும். ஈரம் குறைந்தால் சட்டை துண்டுதுண்டாக உரியும். கண்மேல் பழைய படலம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கவே கூடாது, கண் போய்விடும். ஈரப்பாசி நிரப்பிய டப்பாவுக்குள் ஒளிய விடுங்கள். வளர்ந்த ஆண் மாதக்கணக்கில் சாப்பிடாமலும் கிடக்கும். எடை குறையாதவரை பதறவேண்டாம், வாராவாரம் நிறுத்துப் பாருங்கள்.

எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். பழைய பாம்புகளுக்கு உண்ணி தொற்றாதிருக்க, புதியது மூன்று மாதம் தனி அறையில் இருக்கட்டும்.