சிங்கப்பூர் போக டிசம்பரா, பிப்ரவரியா?

வெப்பத்தை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வருடம் முழுக்க பகலில் பொதுவாக 30 டிகிரிக்கு மேல்தான். மழைதான் வேறுபடும்.

டிசம்பரில் சராசரியாக 330 மி.மீ. பெய்யும், சுமார் 19 நாள் மழை. வழக்கமான பிற்பகல் மழை என்றால் ஒரு மணி நேரம் கடைத்தொகுதியில் ஒதுங்கினால் போதும். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும், வெப்பமும் 24 டிகிரி வரை இறங்கும். மூன்றே நாள் பயணம் இதில் சிக்கினால் முழுக்க வீண். இடி மின்னல் வந்தால் கேபிள் காரையும் கரையோரப் பூந்தோட்டத்தின் (Gardens by the Bay) உயர நடைபாலத்தையும் நிறுத்திவிடுவார்கள். பள்ளி விடுமுறை வேறு, அறை வாடகை ஏறியிருக்கும்.

பிப்ரவரியில் மழை சுமார் 105 மி.மீ.தான். விலங்குத் தோட்டம், மெக்ரிச்சி காட்டுப்பாதை என்று வெளியே சுற்ற இதுவே சரி. வெயில் மட்டும் சுள்ளென்று அடிக்கும். 11 முதல் 3 மணி வரை உள்ளரங்குகளில் இருங்கள். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் பல உணவுக்கடைகள் மூடியிருக்கும், தேதி பார்த்தே பயணச்சீட்டு எடுங்கள். தைப்பூசமும் இதையொட்டித்தான், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலைக்குக் காவடிகள் போவதைக் காண வேண்டுமானால் அந்தத் தேதிக்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

வேலை, பள்ளி காரணமாக டிசம்பர்தான் முடியுமென்றால் குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள்.