கிளாக் 19 பிடியை வெட்டிக் குறைத்தேன்: வேலை எப்படி, வெட்டத்தான் வேண்டுமா?

கிளாக் 19 கைத்துப்பாக்கியைச் சட்டைக்கு அடியில் மறைக்கும்போது தொல்லை கொடுப்பது பேரல் (குழல்) இல்லை, பிடிதான். பேரலும் அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் பேன்ட்டுக்குள் கீழே இறங்கிவிடும், அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரியாது. பிடி மட்டும் பெல்ட்டுக்கு மேலே நின்றுகொண்டு, குனிந்தால் சட்டையில் முட்டும், கையைத் தூக்கினால் மூலை துருத்தும். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைத்தான் 'பிரின்ட்' ஆகிறது என்கிறார்கள். 2018-இல் வந்த கிளாக் 45-இல் பெரிய மாடலான கிளாக் 17-இன் நீளமான பிடியும் 19-இன் குட்டை ஸ்லைடும் சேர்ந்திருக்கும்; மறைத்து எடுத்துச் செல்பவனுக்கு வேண்டியது அதற்கு நேர் தலைகீழ்: குட்டைப் பிடி, நீள ஸ்லைடு.

அந்தத் தலைகீழைத்தான் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்த்து மாற்றியமைப்பவர்) கொடுத்துச் செய்துகொண்டேன். மூன்றாம் தலைமுறை கிளாக் 19, பிடியை இன்னும் சிறிய மாடலான கிளாக் 26-இன் அளவுக்கு வெட்டிக் குறைப்பது, விரல் பள்ளங்களை எடுப்பது, டிரிகர் கார்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) அடியில் கொஞ்சம் குடைவது, மேலே ஸ்டிப்ளிங் என்கிற சொரசொரப்பு வேலை. கணக்கு இதுதான்: மேகசினோடு (பிடிக்குள் போகும் தோட்டாப் பெட்டி) சேர்த்து 19-இன் உயரம் 128 மில்லிமீட்டர், 26-இன் உயரம் 106. வித்தியாசம் 22 மில்லிமீட்டர், ஒரு அங்குலம்கூட இல்லை. ஆனால் அந்த 22 மில்லிமீட்டரும் சட்டையைத் தள்ளுகிற மூலையிலேயே போவதால் பலன் அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படியானால் நேராக 26-ஐயே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் 26-இன் ஸ்லைடும் குட்டை. பெல்ட்டுக்குக் கீழே போதுமான நீளம் இல்லாததால் மேல்பாதி வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும், அதுவும் வயிற்றுப்பக்கம் வைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 19-இன் ஸ்லைடு கீழே இறங்கி உடம்போடு அழுந்துவதால் பிடியும் உள்பக்கமாகத் திரும்புகிறது. அப்புறம் டிரிகர் கார்டும் ஸ்லைடும் மாறாததால், ஏற்கெனவே வைத்திருக்கும் 19-இன் ஹோல்ஸ்டரே (உறை) போதும். (கார்டின் அடியைக் குடைந்தால் சில ஹோல்ஸ்டர்களில் பிடிமானம் லேசாக மாறலாம், போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மாறவில்லை.)

கொடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய சட்ட விஷயம் ஒன்று. கிளாக்கில் பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியான ஃபிரேம்தான் அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி. ஸ்லைடும் பேரலும் வெறும் பாகங்கள். ஃபிரேமை உரிமம் பெற்ற கன்ஸ்மித் அன்றே திருப்பித் தராமல் மறுநாள்வரை வைத்துக்கொண்டால் தன் பதிவேட்டில் வரவு எழுதியே ஆக வேண்டும், ஆனால் வேலை முடிந்து அதே ஃபிரேம் அதே ஆளுக்குத் திரும்பும்போது புதிதாக வாங்குவதுபோல் 4473 படிவம் நிரப்பத் தேவையில்லை. சீரியல் நம்பர் தகடு முன்பக்கம், பேரலுக்குக் கீழே இருக்கிறது, பிடி வேலை அதன் பக்கமே போகாது. அந்த நம்பரை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிக் குற்றம் என்பதால், ஸ்டிப்ளிங்கை அந்தப் பக்கம்வரை இழுக்கலாம் என்று சொல்லும் ஆளிடம் ஃபிரேமைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள். இந்தப் பட்டறைக்காரர் வரவு எழுதுவதற்கு முன்னால் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லையே என்று இரண்டு தடவை பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். அந்த இடத்திலேயே ஆள் சரி என்று பட்டது.

இனி வேலை. வெட்டு சுத்தம். கீழ் விளிம்பு நேராக இருக்கிறது, 26-இன் மேகசின் அடித்தட்டு இடைவெளி இல்லாமல் உட்காருகிறது. வெட்டினால் பிடியின் பின்பக்கப் பொந்து வாய் திறந்துகொள்ளும், அதையும் அழகாக அடைத்திருக்கிறார். விரல் பள்ளம் இருந்த இடத்தைத் தடவினால் அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியாது. டிரிகர் கார்டு அடியில் குடைந்ததுதான் எதிர்பார்க்காத லாபம்: கை மொத்தமாக ஒரு இழை மேலே ஏறுகிறது, அதனால் சுண்டுவிரலுக்கும் பாதி இடம் கிடைக்கிறது. இந்த வேலையை மட்டும் யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்.

கெட்டது ஸ்டிப்ளிங். சூடான முனையால் பிளாஸ்டிக்கைக் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்குவது அது. கையில் பிடித்தால் ஈரத்திலும் நழுவாது, ரேஞ்சில் சுடும்போது பிரமாதம். ஆனால் மறைத்து வைக்கும் துப்பாக்கி கையில் இருக்கும் நேரத்தைவிட இடுப்பில் இருக்கும் நேரம்தானே அதிகம்? உடம்பைத் தொடும் பக்கத்தையும் அதே முரட்டுத்தனத்தோடு குத்தி வைத்திருக்கிறார். பனியன் இல்லாமல் வைத்தால் தேங்காய்த் துருவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது மாதிரிதான், மாலைக்குள் தோல் சிவந்துவிடும். மறைத்து எடுத்துச் செல்லத்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கொடுத்தால் உள்பக்கம் மட்டும் மென்மையாக விடச் சொல்லி எழுதியே கொடுங்கள்.

சுடுவது எப்படி? சுண்டுவிரலின் மீதிப் பாதி காற்றில்தான். மெதுவாகச் சுட்டால் வித்தியாசம் தெரியாது, வேகமாக அடுத்தடுத்துச் சுடும்போது பிடி கைக்குள் லேசாகத் திரும்புகிறது. மேகசின் அடியில் மாட்டும் நீட்டிப்புகள் கிடைக்கின்றன, சுண்டுவிரல் சுகமாக உட்காரும், ஆனால் காசு கொடுத்து வெட்டிய நீளத்தை மறுபடி காசு கொடுத்து ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேகசின் மாற்றும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி குறுக்கே வருகிறது, கையைக் கொஞ்சம் விலக்கப் பழக வேண்டும், இல்லையென்றால் அடித்தட்டு தோலைக் கவ்வும்.

மேகசினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 19-இன் மேகசினில் 15 தோட்டா, 26-இன் மேகசினில் 10. நியூயார்க், நியூஜெர்சி மாதிரி 10-க்கு மேல் கூடாது என்று சட்டம் உள்ள மாநிலங்களில் 19-க்கும் 10 தோட்டா மேகசின்தான் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்த வெட்டில் நஷ்டமே இல்லை, மறைப்பது மட்டும் சுலபமாகிறது. மற்ற இடங்களில் இடுப்பில் 10, உதிரியாக 15 என்று வைத்துக்கொள்ளலாம், நீள மேகசினும் உள்ளே போகும். ஆனால் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கும்போது நீள மேகசினை ஓங்கித் தட்டினால், தடுத்து நிறுத்த ஃபிரேமின் விளிம்பு இல்லாததால் தேவைக்கு மேல் ஏறி எஜெக்டரில் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் துண்டு) இடிக்க வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் ஸ்லீவ் ஒன்றை நீள மேகசினில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பட்டறையில் இதை அவர்களாகச் சொல்லவில்லை, நான் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

சரி, வெட்டத்தான் வேண்டுமா? ஏற்கெனவே ஒரு கிளாக் 19 இருக்கிறது, அதன்மேல் பிரியம், ஹோல்ஸ்டரும் பழக்கமும் அதற்கே என்றால் வெட்டலாம். ஆனால் முதலில் ஹோல்ஸ்டரில் ஒரு வெட்ஜும் (உடம்புப் பக்கம் ஒட்டும் சாய்வான திண்டு), பிடியை உள்பக்கம் தள்ளும் கிளா என்கிற துண்டும் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும், ஃபிரேமும் பத்திரமாக இருக்கும். புதிதாக வாங்குபவர் வெட்டுவதற்கென்று ஒன்றை வாங்கவே கூடாது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320, பி365 கைத்துப்பாக்கிகள் இரண்டிலும் சீரியல் நம்பர் உள்ளே இருக்கும் உலோகப் பகுதியில் இருக்கிறது, பிடி என்பது தனியாகக் கழற்றி மாற்றும் வெறும் கூடு. கூட்டாட்சிச் சட்டப்படி அந்தக் கூடு துப்பாக்கியே இல்லை, வேறு அளவு வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம், வில்சன் காம்பாட் மாதிரி வெளி நிறுவனங்களும் செய்கின்றன. பிடிக்கவில்லையென்றால் பழையதை மாட்டிவிடலாம். நான் வெட்டியதை இனி யாராலும் ஒட்ட முடியாது, விற்கும்போது விலையும் இறங்கும்.

1911 என்ற பழைய உலோகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இருக்கிறது. எட் பிரவுன் என்ற கன்ஸ்மித்தின் பாப்டெயில் முறையில் பிடியின் பின்பக்கக் கீழ் மூலையை மட்டும் சரிவாகச் சீவுவார்கள். முன்பக்க நீளம் அப்படியே, சுண்டுவிரலுக்கு இடமும் மேகசினும் அப்படியே, சட்டையில் முட்டும் மூலை மட்டும் போய்விடும். இரட்டை வரிசை மேகசின் உள்ள பிளாஸ்டிக் துப்பாக்கிகளில் பின்பக்கம் சீவ அவ்வளவு சதை இல்லாததால்தான் நாங்கள் மொத்தமாக நறுக்க வேண்டியிருக்கிறது.

பணம் மொத்தமாகப் பார்த்தால் புதுத் துப்பாக்கி விலையில் பாதியைத் தொட்டுவிட்டது, அதில் ஸ்டிப்ளிங்குக்குப் போன பங்குதான் வீண். மதிப்பெண் கேட்டால் வெட்டுக்கும் குடைவுக்கும் ஐந்துக்கு ஐந்து, ஸ்டிப்ளிங்குக்கு இரண்டு, விளக்கிச் சொல்வதற்கு மூன்று. உள்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்கிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், வரிசையில் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை பனியனோடு போகிறது.