காரில் ஸ்பெயின் எல்லையைத் தாண்டப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள்

போர்ச்சுகல்லில் வாடகைக் கார் எடுத்து ஸ்பெயின் எல்லையோரப் பழைய ஊர்களைச் சுற்றலாம் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால், இதை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். ஆறு நாள் பயணம் முடிந்து காரைத் திருப்பிக் கொடுத்தபோது எங்களிடம் 590 யூரோ பிடுங்கினார்கள். போராடி 385 யூரோவைத் திரும்ப வாங்கினேன். மீதி போனது போனதுதான். நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. அப்புறம் விசாரித்ததில் இது ஒரே ஒரு கடையின் பழக்கம் இல்லை என்று தெரிந்தது. பெயரைச் சொன்னால் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாஸ்கோ ட காமாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் பாடம் எடுத்தவருக்கு அந்த நாட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. லிஸ்பன், போர்ட்டோ என்று எல்லோரும் போகிற இடங்கள் வேண்டாம், எல்லை ஊர்கள்தான் வேண்டும் என்று அவரே வழியும் போட்டுக் கொடுத்தார். எல்வாஸ், அங்கிருந்து ஸ்பெயினுக்குள் ஒலிவென்சா, திரும்பி போர்ச்சுகல்லில் மர்வாவ், காஸ்தெலோ தெ விதெ, மறுபடி ஸ்பெயினில் அல்காந்தரா. இந்த ஊர்களுக்கிடையே பஸ் குறைவு. கார் இல்லாமல் ஆகாது. நான், என் வீட்டுக்காரர், அப்பா, எட்டு வயதுப் பெண் என நான்கு பேர்.

லிஸ்பனில் இறங்கியபோது வீட்டை விட்டுக் கிளம்பி 22 மணி நேரம் ஆகியிருந்தது. கவுண்டரில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் அந்த இளைஞர் லைசென்ஸ், சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கடன் அட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது இன்சூரன்ஸ். நாங்கள் இணையத்தில் காரை முன்பதிவு செய்தபோதே சேத இன்சூரன்ஸுக்கும் பணம் கட்டியிருந்தோம். "அது இங்கே செல்லாது" என்றார். இது பாதி உண்மை. இடைத்தரகர் தளங்களில் வாங்கும் இன்சூரன்ஸை வாடகை நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சேதம் என்றால் முதலில் நாம் பணத்தைக் கட்ட வேண்டும், பிறகு ரசீதைக் காட்டி இன்சூரன்ஸ்காரரிடம் வாங்க வேண்டும். இதை அவர் விளக்கவில்லை. நாளுக்கு 32 யூரோ கட்டினால் "முழுப் பாதுகாப்பு", இல்லையென்றால் கார்டில் 1,500 யூரோ டெபாசிட்டாக முடக்கப்படும் என்றார். அப்பா பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டெபாசிட்டுக்குச் சரி என்றேன்.

அடுத்து நானே கேட்டேன்: "ஸ்பெயினுக்குள் போவோம், இரண்டு மூன்று தடவை எல்லை தாண்டுவோம், பரவாயில்லையா?" அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஸ்பெயின்? நோ ப்ராப்ளம்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் கொடுத்த விலை 150 யூரோ.

காரை ஒரு பாதாள நிறுத்தத்தில் காட்டினார்கள். விளக்கு மங்கல். காரின் படம் போட்ட தாளில் ஒரு கீறல்கூடக் குறிக்கப்படவில்லை. பின்பக்க பம்பரில் இருந்த ஒரு கோட்டை என் வீட்டுக்காரர் காட்டியதற்கு, "சின்னச் சின்னக் கோடுகளுக்கெல்லாம் நாங்கள் பணம் கேட்பதில்லை" என்று சொல்லி கையெழுத்து வாங்கிக்கொண்டார் அங்கிருந்தவர். காரின் நான்கு பக்கமும் நான்கு போட்டோ எடுத்தோம். சக்கரங்களைக் கிட்டப் போய் எடுக்கத் தோன்றவில்லை.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், அந்த ஊர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்வாஸ் கோட்டை ஊர். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குள் நுழையும் முன்பே 843 வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் மாடி மாடியாக எழுந்து நிற்கிறது. 1622-இல் கட்டி முடித்தது. அங்கிருந்து ஒலிவென்சாவுக்கு அரை மணி நேரம்தான். வழியில் குவாதியானா ஆறு, அதுதான் எல்லை. 1709-இல் போரில் தகர்க்கப்பட்ட அஜுதா பாலம் இன்றும் நடுவில் உடைந்தபடியே நிற்க, பக்கத்திலேயே 2000-இல் திறந்த புதுப்பாலத்தில் கார்கள் போகின்றன. சோதனைச் சாவடி இல்லை, போலீஸ் இல்லை. ஒரு நீலப் பலகையும், ஃபோனில் ஒரு மணி நேரம் முன்னே தாவிய கடிகாரமும்தான் நாடு மாறியதைச் சொன்னது. ஒலிவென்சா 1801 வரை போர்ச்சுகல்லிடம் இருந்த ஊர். ஸ்பெயினுக்குச் சொந்தம் என்பதைப் போர்ச்சுகல் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. மதலேனா தேவாலயத்தில் தூண்கள் கயிறு முறுக்கியது போல் இருக்கும். அப்பா ஒரு தூணைக் கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

காஸ்தெலோ தெ விதெயில் பழைய யூதர் குடியிருப்பு இருக்கிறது. கார்சியா த ஓர்தா என்ற மருத்துவர் பிறந்த ஊர் அது. கோவாவுக்கு வந்து, நம் ஊர் மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி எழுதி 1563-இல் கோவாவிலேயே அச்சிட்டவர். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1580-இல், யூத மதத்தை ரகசியமாகப் பின்பற்றினார் என்று சொல்லி எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அந்தச் சரிவான சந்துகளில் நின்று அப்பா இதைச் சொல்ல, என் பெண் கேட்டுக்கொண்டே வந்தாள். போன செலவெல்லாம் அந்த ஒரு மாலைக்கே தகும்.

மர்வாவில் ஒன்று கவனிக்க வேண்டும். ஊர் மலையுச்சியில் மதிலுக்குள் இருக்கிறது. ஃபோன் வரைபடம் தங்கும் விடுதி வாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று கருங்கல் சந்துகளுக்குள் இழுக்கும். நாங்கள் மதிலுக்கு வெளியிலேயே காரை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆறு நாளும் எல்லா ஊரிலும் அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடைபாதைக் கல்லை ஒட்டி ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை என்று என் வீட்டுக்காரரால் சத்தியம் செய்ய முடியும்.

திருப்பிக் கொடுத்த நாள் காலை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. கையில் டேப்லெட்டோடு வந்தவர் காரைச் சுற்றி வரவே இல்லை. நேராக முன்பக்க இடது சக்கரத்துக்குப் போனார், குந்தி உட்கார்ந்தார், டார்ச் அடித்தார். அலாய் ரிம்மின் ஓரத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு. மற்ற மூன்று சக்கரங்களையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதான் நான் இன்று வரை நினைக்கிறேன்.

"இந்தியாவில் நீங்கள் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறீர்கள், அதனால் இப்படி ஆகும்" என்று சமாதானம் வேறு. அந்த ஊரில் டிரைவர் இருக்கை இடது பக்கம். அதற்குப் பழகாதவர்களுக்கு வண்டி வலப்பக்கம்தான் ஒதுங்கும். உரசினால் வலது சக்கரம் உரச வேண்டும். டிரைவர் காலடியில் இருக்கும் இடது சக்கரம் எப்படி உரசும்? இதை என் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். பதில் இல்லை. ரிம்முக்கு 385 யூரோ, சேதக் கோப்பு திறந்ததற்கு 55 யூரோ என்று திரையைக் காட்டினார்.

அப்புறம்தான் ஸ்பெயின். காரில் இருப்பிடம் காட்டும் கருவி இருந்திருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு எல்லை தாண்டினோம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். அனுமதி இல்லாமல் நாடு தாண்டியதற்கு 150 யூரோ. "கவுண்டரில் கேட்டோமே, சரி என்றாரே" என்றேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். எழுத்து மூலம் முன் அனுமதி, அதற்குத் தனிக் கட்டணம், மீறினால் அபராதம், இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் பிழை, மறைக்கவில்லை. ஆனால் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதிலைச் சொல்லி அனுப்பியது பிழையைவிடப் பெரிது.

டெபாசிட் அவர்கள் கையில் இருந்ததால் பணத்தை எடுத்துக்கொள்ள எங்கள் சம்மதம்கூடத் தேவைப்படவில்லை. அதிலும் இன்னொரு வேலை செய்தார்கள். யூரோவில் எடுக்காமல் ரூபாயில் எடுத்தார்கள். நம் வசதிக்காகச் செய்வது போலத் தோன்றும், மாற்று விலை அவர்கள் வைத்ததுதான். என் வங்கி போடும் விலையைவிட யூரோவுக்கு சுமார் 5 ரூபாய் கூடுதல். 590 யூரோவுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3,000 ரூபாய். அட்டை இயந்திரத்தில் ரூபாயா யூரோவா என்று கேட்டால், எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். கேட்காமலே ரூபாய் ரசீது வந்தால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். நான் அதைப் பார்த்தது விமானத்தில் உட்கார்ந்த பிறகு.

எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம்.

ஒன்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு. போர்ச்சுகல்லில் வாடிக்கையாளர் வந்து போகும் எல்லாக் கடையிலும் நிறுவனத்திலும் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். "லிவ்ரு த ரெக்லமசோயிஷ்" என்று கேளுங்கள். நான் கேட்டதும் அதுவரை நன்றாக ஆங்கிலம் பேசியவருக்குத் திடீரென்று புரியவில்லை. பிறகு, மேலாளர் இல்லை என்றார். புத்தகம் கொடுக்க மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஃபோனைக் கையில் எடுத்தேன். இழுப்பறையிலிருந்து சிவப்பு அட்டைப் புத்தகம் வந்தது. ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஒரு புகாருக்கு மூன்று படி. ஒன்று கண்காணிக்கும் அரசு அமைப்புக்குப் போகும், ஒன்று அவர்களிடம் தங்கும், ஒன்று நம் கையில். நேரம் இல்லையென்றால் இதையே இணையத்திலும் பதியலாம், 15 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, அது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சிவப்புப் புத்தகமும் நம் வங்கியும்தான்.

இரண்டாவது, ஒரு போட்டோ. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார். "ஏம்மா, இதைப் பாரு. பாப்பா ஷூ லேஸ் கட்டுறா பாரு, அவளுக்குப் பின்னாடி என்ன தெரியுது?" வாடகைக் காரை எடுத்த அன்று, அந்தப் பாதாள நிறுத்தத்தில், குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்த பேத்தியை அவர் சும்மா ஒரு படம் எடுத்திருக்கிறார். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் முன் இடது சக்கரம். பெரிதாக்கிப் பார்த்தால் ரிம் ஓரத்தில் அதே சிராய்ப்பு. படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. சாவி வாங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் படம், புகார் நகல், கையெழுத்துப் போட்ட தாள் மூன்றையும் வைத்து அட்டையில் அவர்கள் எடுத்த பணத்தை ஏற்க மாட்டேன் என்று வங்கியில் புகார் கொடுத்தேன். இரண்டரை மாதம் ஆனது. ரிம்முக்கான 385 யூரோ திரும்ப வந்தது. மீதிக் கட்டணங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கின்றன என்று வங்கி கைவிரித்துவிட்டது. டெபாசிட்டில் மிச்சம் முடக்கி வைத்திருந்த பணம் விடுபட மூன்று வாரம். அந்த வாரங்களில் அந்த அட்டையில் வேறு எதையும் வாங்க முடியவில்லை.

இனி எடுப்பவர்கள் கார் நின்ற இடத்திலேயே வீடியோ எடுங்கள். நான்கு ரிம், முன் கண்ணாடி, கூரை, பம்பரின் அடிப்பக்கம். சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் சக்கரம், டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேராது. அவர்கள் கை வைப்பதும் அங்கேதான். கண்ணில் பட்ட கீறலையெல்லாம் அந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள், குறித்த தாளையும் படம் எடுங்கள். வெளிச்சம் போதவில்லையென்றால் காரை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள், வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் சரி. டோல் கருவி வேண்டுமா, அதற்கு நாள் வாடகை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். லிஸ்பனிலிருந்து எல்வாஸ் போகும் நெடுஞ்சாலையில் சாவடியில் பணமாகவே கட்டலாம்.

அப்பா அடுத்து அல்மெய்தாவும் சியுதாத் ரோத்ரிகோவும் பார்க்க வேண்டும் என்கிறார், இரண்டும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். போன மாதம் மூன்று நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: ஸ்பெயினுக்குள் போவோம், அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா என்று. இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாவது நிறுவனம் மறுநாளே கட்டணத்தையும் எழுதி, ஒப்பந்தத்தில் அந்த வரி எங்கே வரும் என்று ஒரு மாதிரித் தாளையும் இணைத்து அனுப்பியிருக்கிறது. அதை அச்செடுத்து அப்பாவின் கோப்பில் வைத்தாயிற்று.