டிஸாட், ஆப்சிம், அக்வாக்ராப், இன்ஃபோகிராப்: டெல்லிக் கோதுமைக்கு எதை ஓட்டுவது?

கோவையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு டெல்லி பூசா வளாகத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வரும் தம்பி தங்கைகள் வந்த முதல் மாதமே கேட்டுவிடுவார்கள்: "அக்கா, எந்த மாடல் நல்ல மாடல்?" போன வாரம் மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் அதையே கேட்டாள். "உன் கேள்வி என்னம்மா?" என்றேன். "கோதுமைதான்க்கா" என்றாள். "கோதுமை பயிர். கேள்வி எங்கே?" அவளிடம் பதில் இல்லை. அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தலைப்பில் உள்ள நான்கு பயிர் மாடல்களையும் இங்குள்ள கோதுமை வயல்களுக்கு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் முதலில் மனதில் பதிய வேண்டியது.

பயிர் மாடல் என்பது ஒரு பயிரின் நாட்குறிப்பைக் கணக்காக எழுதுவது. இன்றைய வெயில் எவ்வளவு, வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் எவ்வளவு, இலை எவ்வளவு விரிந்தது, தழைச்சத்து எவ்வளவு ஏறியது என்று விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கடைசியில் ஒரு மகசூல் எண் வரும். அந்த எண்ணுக்கு எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் இவை பிரிகின்றன.

டிஸாட்தான் இவற்றில் மூத்தது. 1982-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துத் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தில் வளர்ந்து, 1989-இல் முதல் பதிப்பு வந்தது. இன்று 40-க்கு மேற்பட்ட பயிர்கள் அதில் உண்டு. மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இதன் பலம் ரகம். அதற்குள் இருக்கும் சீரீஸ் என்ற கோதுமை மாடலில் ஒரு ரகத்தை 7 எண்களால் விவரிக்கிறோம்: குளிர் எவ்வளவு வேண்டும், பகல் நீளத்துக்கு எவ்வளவு அசையும், கதிரில் தானிய மணி நிரம்ப எவ்வளவு வெப்பம் வேண்டும், எத்தனை மணி பிடிக்கும், ஒரு மணி என்ன எடை வரும், ஒரு தண்டு எவ்வளவு கனக்கும், அடுத்தடுத்த இலைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி. நம் கோதுமை, கதிர் விட நீண்ட குளிர் தேவைப்படாத வசந்தகால ரகம் என்பதால் குளிர்த் தேவைக்கான எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஐரோப்பிய ரகத்தின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டால், டெல்லிக் குளிர் போதாமல் பயிர் கதிர் விடத் தயங்கி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிற முதல் இடம் இதுதான்.

எந்த ரகம், எந்தத் தேதியில் விதைப்பு, எவ்வளவு யூரியா என்பது கேள்வி என்றால் நான் டிஸாட்டைத்தான் எடுப்பேன். ஆனால் அந்த 7 எண்களை வயலில் சம்பாதிக்க வேண்டும். பூத்த தேதி, முதிர்ந்த தேதி, ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர், ஆயிரம் மணியின் எடை என எல்லாவற்றையும் கையால் எடுத்தாக வேண்டும். ஒரு பருவத்துத் தரவை வைத்து எண்களைச் சரிசெய்துவிட்டு, அதே பருவத்திலேயே சோதித்துப் பார்த்து "நன்றாகப் பொருந்துகிறது" என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது. இரண்டாவது பருவம் இல்லாமல் அது சோதனையே ஆகாது.

ஆப்சிம் வேறு மனநிலையில் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் உருவானது. மழை எப்போது வரும் என்று தெரியாத மானாவாரி விவசாயிகளின் நாடு அது. அதனால் அங்கே மண்தான் நடுநாயகம். பயிர் வரும், போகும். மண் இருந்துகொண்டே இருக்கும். அதன் ஈரமும் தழைச்சத்தும் அடுத்த பயிருக்குக் கைமாறும். நெல் அறுத்த தாளை எரித்தால் என்ன, வயலிலேயே விட்டு அதன் நடுவே கோதுமை விதைத்தால் என்ன, 30 ஆண்டு இப்படியே போனால் மண்ணின் கரிமம் எங்கே நிற்கும் என்பது போன்ற கேள்விகளுக்கு ஆப்சிம் அமைந்ததுபோல வேறெதுவும் அமையவில்லை. "மூன்று நாளில் 25 மி.மீ. மழை பெய்தால் விதை, இல்லாவிட்டால் காத்திரு" என்று விவசாயியின் முடிவையே நிரலாக எழுதி உள்ளே வைக்கலாம். டிஸாட்டிலும் பயிர்ச் சுழற்சியை ஓட்டலாம்தான். ஆனால் ஆப்சிமில் அது இயல்பாக வரும். டிஸாட்டில் கை சுற்றி மூக்கைத் தொட வேண்டும்.

நெல்லுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆப்சிமில் இருக்கும் நெல், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரைசா மாடலிலிருந்து வந்தது. மாடல்களுக்கு நடுவே இப்படிக் கொடுக்கல் வாங்கல் நிறைய உண்டு. டிஸாட்டுக்குள் இருக்கும் மூன்று கோதுமை மாடல்களில் ஒன்றான என்-வீட், ஆப்சிமிலிருந்து வந்ததுதான்.

வெயில் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2022 மார்ச்சில் நான் டெல்லியில் இருந்தேன். ஹோலிக்கு முன்பே, லூ எனும் வடநாட்டுக் கோடை அனல்காற்று போல அனல் வீசியது. 122 ஆண்டுப் பதிவுகளில் நாட்டின் மிக வெப்பமான மார்ச் அது. மணி பால் பிடிக்கும் நேரம். ஒரு வாரத்தில் வயல் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறியது. கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால், உமி பறந்து மிஞ்சிய மணி சுருங்கி, நடுக்கோடு ஆழமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. பிப்ரவரியில் 11.13 கோடி டன் என்று மதிப்பிட்ட நாட்டின் கோதுமை, மே மாதத்தில் 10.64 கோடியாக இறங்கியது. மே 13-இல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள்.

இதை மாடல்கள் பிடிக்குமா? 2012-இல் வட இந்தியக் கோதுமை வயல்களைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்த ஆய்வு ஒன்று, 34 டிகிரிக்கு மேலான வெயில் இலையை எவ்வளவு சீக்கிரம் முதுமையாக்குகிறது என்று காட்டியது. சீரீஸும் ஆப்சிமும் அந்தச் சேதத்தைக் குறைத்தே மதிப்பிட்டன. அதற்குப் பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன. வெயிலில் இலை கருகுவதை என்-வீட் தனியாகக் கணக்கில் எடுக்கிறது. எனவே மார்ச் வெயில்தான் உங்கள் கேள்வி என்றால், டிஸாட்டைத் திறந்ததும் கண்ணில் படும் சீரீஸோடு நின்றுவிடாதீர்கள். என்-வீட்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். இரண்டும் விலகும் இடத்தில்தான் நீங்கள் வயலில் அளக்க வேண்டியது இருக்கிறது. 27 கோதுமை மாடல்களை ஒன்றாக ஓட்டிப் பார்த்த 2013 ஆய்வும், எந்த ஒற்றை மாடலையும் நம்பி உட்காராதே என்பதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அக்வாக்ராப்பைப் பலர் சின்னது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன்மேல் தனி மரியாதை. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2009-இல் வெளியிட்டது. அடிப்படை தண்ணீர். செடி எவ்வளவு தண்ணீரை ஆவியாக விட்டதோ அவ்வளவு உடம்பு போடும் என்பதே அதன் கணக்கு. ஒவ்வொரு நாளும் பயிர் விட்ட நீரை அன்றைய வானிலையின் ஆவியாதல் தேவையால் வகுத்துப் பருவம் முழுக்கக் கூட்டுங்கள். அது 80 வந்தது என்று வையுங்கள். கோதுமைக்கு 15 கிராம் என்ற எண்ணால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,200 கிராம், அதாவது எக்டேருக்கு 12 டன் உயிர்ப்பொருள். அதில் 40 விழுக்காடு மணியாகிறது என்றால் 4.8 டன் மகசூல். கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். இலைப் பரப்பை அளக்கத் தேவையில்லை. தரையை எவ்வளவு பச்சை மூடியிருக்கிறது என்று மேலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

டெல்லியின் ஓரத்தில் நரேலா பக்கம் எங்கள் பரிசோதனைப் பாத்தி இருக்கும் வயல்காரர் என்னிடம் ஒருபோதும் மகசூல் எண் கேட்டதில்லை. அவர் கேட்பதெல்லாம், "மேடம், இந்த முறை நாலு தண்ணியோட நிறுத்தலாமா, அஞ்சாவதும் விடணுமா?" முதல் தண்ணீர் விதைத்த 21-ஆம் நாள், தண்டின் அடியிலிருந்து முடிவேர் விடும்போது, அதில் பேச்சே இல்லை. பிந்தைய தண்ணீரில்தான் டீசலும் நிலத்தடி நீரும் மிச்சமாகின்றன. அந்தக் கேள்விக்கு அக்வாக்ராப் போதும், சில சமயம் மற்றவற்றைவிடத் தெளிவாகவும் சொல்லும். குறையும் உண்டு. உரத்தை மொத்தமாக ஒரு குறைபாட்டு அளவாக எடுத்துக்கொள்வதால், யூரியாவை எப்போது எவ்வளவு போடுவது என்று அதனிடம் கேட்க முடியாது. பூச்சியும் அதில் இல்லை. ஐந்தாவது தண்ணீர் விட்ட மறுநாள் பலமாகக் காற்றடித்துப் பயிர் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஓட்டிய நான்கில் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை. அதை வயல்காரரே பார்த்துக்கொள்கிறார். காற்று அடங்கிய இரவில்தான் மடை திறப்பார்.

இன்ஃபோகிராப் நம் வீட்டுப் பிள்ளை. இதே பூசாவில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. நெல், கோதுமை, கடுகு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு என நம் பயிர்களை நம் மண்ணுக்காக எழுதியது. இரண்டு விஷயங்களை இது நேரடியாகவே கணக்கில் எடுக்கிறது: பூச்சி நோயால் வரும் இழப்பும், நெல் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும். காலநிலை மாற்றத்தால் நம் மகசூல் என்ன ஆகும் என்ற இந்திய ஆய்வுகளில் இதன் பங்கு பெரியது. ஆனால் சிக்கிக்கொண்டால் கேட்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கும் வசதி டிஸாட்டுக்கும் ஆப்சிமுக்கும்தான் உண்டு. தனியாகப் போராடும் மாணவருக்கு அது பெரிய விஷயம்.

இனி, எந்த மாடலாக இருந்தாலும் காலை வாரும் ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் ஆண்டில் ஒரு வானிலை நிலையத்திலிருந்து தரவு வாங்கினேன். தலைப்பு இல்லாத ஒரு பத்தியில் 7.8, 8.1, 6.9 என்று எண்கள். சூரியக் கதிர்வீச்சு என்றே சொல்லிக் கொடுத்தார்கள். டிஸாட் கேட்பது ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு எத்தனை மெகாஜூல் என்று. நானும் அப்படியே போட்டேன். மகசூல் எதிர்பார்த்ததில் பாதியைத் தொடவில்லை. இரண்டு வாரம் ரக எண்களைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில்தான் தெரிந்தது, அது வெயில் அடித்த மணி நேரம். பிப்ரவரியில் 8 மணி நேர வெயில் என்றால் 16 மெகாஜூலை ஒட்டி வர வேண்டும். தரவு விட்டுப்போன இடத்தில் போடும் -99 என்றால் கண்ணில் பட்டிருக்கும். 8 என்பது பனிமூட்ட ஜனவரியில் நடக்கக்கூடிய எண். மாடல் ஒரு எச்சரிக்கையும் தராமல் ஓடிவிட்டது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் (மழைக்காலப்) பருவத்திலிருந்து, நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூலைத் தீர்மானிப்பதில் குறைந்தது 30 விழுக்காடு தொழில்நுட்பக் கணிப்புக்கு என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு அனுமதித்த வழிகளில் பயிர் மாடலும் ஒன்று. ஆய்வேட்டில் தப்பான எண் வந்தால் வழிகாட்டி திருத்துவார். காப்பீட்டுக் கணக்கில் வந்தால் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய இழப்பீடு வராமல் போகும். உள்ளூர் ரகத்துக்குச் சரிசெய்யாத மாடலை, கூடவே வந்த எண்களோடு அப்படியே ஒரு மாவட்டத்துக்கு ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

அந்தப் பெண் மறுநாள் கேள்வியோடு வந்தாள். நெல் அறுவடை தள்ளிப்போய் டிசம்பரில் விதைக்கும் கோதுமைக்கு எந்த ரகம் மார்ச் வெயிலைத் தாங்கும் என்பது. "அப்ப டிஸாட். சீரீஸும் என்-வீட்டும் ரெண்டும் ஓட்டு. ரெண்டு பருவம் தரவு எடு" என்றேன். தண்ணீரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

"முதல்ல என்ன பண்ணட்டும்க்கா?"

"ஈரம் பாக்கணும், மண் எடு. 15 சென்டிமீட்டருக்கு ஒண்ணா 120 வரைக்கும். 105 டிகிரி அடுப்புல வெச்சு, எடை நகராம நிக்கிற வரைக்கும் காயவிடு."

மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆகர் எங்கள் ஸ்டோரில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நெல் அறுத்ததும் வயல் இறுகிப்போகும். அதற்குள் அவள் மூன்று இடத்தில் இறக்கியாக வேண்டும்.