ஷாங்காய் கச்சேரி ரத்து: என் 2,360 வெள்ளி எங்கே போனது? இடைத்தரகரை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் படியுங்கள்

எனக்கு ஷாங்காய்க் கச்சேரி டிக்கெட் எடுத்துத் தந்த கடையிலிருந்து இன்று மதியம் வந்த பதில் இது: "அக்கா, இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க எங்க வேணும்னாலும் போய் கம்ப்ளெயின் பண்ணிக்குங்க." படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிநாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் பணம் கட்டப் போகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கட்டுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 2,360 சிங்கப்பூர் வெள்ளி. விமானமும் ஹோட்டலும் இதில் சேரவில்லை. அவை தனி.

கச்சேரி ஜப்பானியப் பாடகி ஹமசாகி அயுமியுடையது. அவர் யார் என்று சிங்கப்பூரில் என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1998-இல் பாட வந்தவர். 2002-இல் எம்டிவி ஆசிய விருது விழா இங்கே நடந்தபோது வந்து மேடையேறினார். நானும் தங்கச்சியும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், டிவியில் பார்த்ததோடு சரி. 2007-இல் முதல் ஆசியச் சுற்றுப்பயணம் என்று தைப்பே, ஹாங்காங், ஷாங்காய் மூன்றுக்கும் போனார். அப்போது எங்களிடம் காசு இல்லை. 2008-இல் தன் இடது காது கேட்காமல் போய்விட்டதை வெளியே சொன்னார். அதோடு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தோம், நிறுத்தவில்லை. 2025-இல், 47 வயதில், மேடை, நடனக்குழு, உடை என்று அத்தனையையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஆசிய நகரங்களைச் சுற்றுகிறார் என்றதும் இந்தத் தடவை விடக்கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். நவம்பர் 29, சனிக்கிழமை, ஷாங்காய். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்) 30 நாள் விசா வேண்டாம், வாரக்கடைசி வேறு. எல்லாம் கூடிவந்தது போல இருந்தது.

டிக்கெட்தான் சிக்கல். 5,000 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளுக்குச் சீனாவில் 2023 முதல் கடுமையான விதி இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட், அவரவர் அடையாள எண்ணில்தான் எடுக்க வேண்டும், அதே ஆவணத்தைக் காட்டித்தான் உள்ளே போக முடியும். கள்ளச் சந்தையை ஒழிக்கக் கொண்டுவந்த விதி, நல்ல விதிதான். ஆனால் விற்பனைச் செயலி முழுக்கச் சீன மொழி, பணம் கட்டுவதும் அங்கத்திய முறையில். வெளிநாட்டு ரசிகர்கள் இதில் திணறுவதை வைத்துப் பிழைக்கிறவர்கள் இங்கே நிறைய முளைத்திருக்கிறார்கள்.

நான் போனது அப்படி ஒரு கடை. பெயரைச் சொல்லவில்லை. பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில், பாட்டுக் கச்சேரிகளுக்கென்றே ஆள் கூட்டிப்போகும் சின்னப் பயண ஏற்பாட்டுக் கடை. சுவர் முழுக்கக் கச்சேரிச் சுவரொட்டிகள். உட்கார்ந்திருந்தது ஒரு தமிழ்த் தம்பி, முப்பது வயதுக்குள் இருக்கும். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், "அக்கா தமிழா? உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் என் நம்பிக்கை முழுவதும் போய் உட்கார்ந்தது. எங்கள் இரண்டு பேர் கடப்பிதழையும் வாங்கி, எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தட்டி முடித்து எனக்குப் படித்துக் காட்டினான். தங்கச்சி பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அவனே கண்டுபிடித்துத் திருத்தினான். "ஒரு எழுத்து மாறினாலும் வாசல்ல நிறுத்திடுவாங்கக்கா." பிறகு தொலைபேசியை என் பக்கம் திருப்பி, எங்கள் இரண்டு பெயரும் இருக்கும் பக்கத்தைக் காட்டினான். "டிக்கெட் உங்க பேர்லதான். காசு மட்டும் அங்க இருக்கிற நம்ம பார்ட்னர் கட்டுவாரு. ஏதாவது ரத்தாச்சுன்னா ஃபுல் ரீஃபண்ட், கவலையே படாதீங்க. நம்ம ஆளுங்கள நான் ஏமாத்துவேனாக்கா?"

பேநவ்வில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் முறையில், 2,360 வெள்ளி அனுப்பினேன். டிக்கெட் விலை எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "எல்லாம் பேக்கேஜ்க்கா" என்றான். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றான். வரவில்லை.

நவம்பர் 28 காலை ஷாங்காயில் இறங்கினோம். அன்றைக்கே அறிவிப்பு வந்துவிட்டது: தவிர்க்க முடியாத காரணங்களால் நாளைய கச்சேரி ரத்து. நவம்பர் 7-இல் ஜப்பானியப் பிரதமர் தக்காய்ச்சி தைவானைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியதிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் உரசல். ஜப்பானியக் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அதே 28-ஆம் தேதி, அதே ஷாங்காயில், ஓட்சுகி மாக்கி என்ற பாடகி பாடிக்கொண்டிருக்கும்போதே விளக்கையும் இசையையும் நிறுத்தி மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இதில் அயுமி மேல் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. ஜப்பானியரும் சீனருமாக 200 பேர் ஐந்து நாள் உழைத்துக் கட்டிய மேடை அது. அன்று காலையில்தான் தனக்கே தகவல் வந்ததாக அவர் எழுதியிருந்தார். மறுநாள் 14,000 காலி நாற்காலிகளுக்கு முன்னால், ஒரு ரசிகர்கூட இல்லாமல், முழுக் கச்சேரியையும் நடத்திவிட்டுத்தான் கிளம்பினார். இன்ஸ்டாகிராமில் அந்தப் படங்களைப் பார்த்துத் தங்கச்சி ஹோட்டல் அறையில் அழுதாள். நஷ்டம் அவருக்கு எங்களைவிடப் பல மடங்கு. அவர் தன் பங்கைச் செய்தார்.

தன் பங்கைச் செய்யாதது எங்கள் கடைக்காரர்தான்.

அரங்க வாசல் வரைக்கும் போனோம், சும்மா பார்க்கவாவது. எங்களைப் போலவே வந்து கட்டடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பலர். அங்கே பழக்கமான ஒரு சீனப் பெண்தான் விஷயத்தைச் சொன்னார். பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்பும். கட்டியவர் கணக்குக்குத்தான் வரும், டிக்கெட்டில் யார் பெயர் இருந்தாலும் சரி. எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியது. உடனே கடைத் தம்பிக்குப் போன் அடித்தேன். "டென்ஷன் ஆகாதீங்கக்கா, ஆட்டோமேட்டிக்கா வந்துடும். ஏழு வேலை நாள்."

ஏழு வேலை நாள் போனது. "சைனா சைடுல லேட்டாகுதுக்கா." பிறகு "பார்ட்னர் ஊருக்குப் போயிருக்காரு." பிறகு பாஸைக் கேட்க வேண்டும். பாஸ் எப்போதும் மீட்டிங்கில். நேரில் போனால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாதாம். இதற்கிடையில் அந்தச் சீனப் பெண் தனக்கு முழுப்பணமும் வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: "டிக்கெட் எடுத்துக் குடுக்கிறது மட்டும்தான் எங்க வேலை, எடுத்துக் குடுத்துட்டோம். ரத்தானது இயற்கைச் சீற்றம் மாதிரி, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." முழுப்பணம் திரும்பும் என்று சொன்ன அதே வாய்.

நான் விடாமல் கேட்கவே, "இன்னும் ப்ராசஸிங்ல இருக்கு, பாருங்க" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். எங்கள் பெயர்கள், இருக்கை எண்கள், எல்லாம் சீனத்தில். அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சீனத் தோழியிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேல் வரியில் விரலை வைத்தார்: பணம் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறதாம். அதாவது பணம் அவர்கள் கைக்கு எப்போதோ வந்துவிட்டது. என் 2,360 வெள்ளியை எடுத்து வைத்துக்கொண்டுதான் "ப்ராசஸிங், ப்ராசஸிங்" என்று எனக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை வட்டமிட்டு அவனுக்கே அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. ரொம்ப நேரம் பதிலில்லை. அப்புறம்: "சிஸ்டம்ல அப்படித்தான்க்கா காட்டும்." அதற்கு மேல் நான் கேட்டதற்கெல்லாம் வந்த பதில்தான் முதலில் எழுதியது.

கச்சேரி ரத்தானதால் என் பணம் போகவில்லை. அரசியல் சண்டையிலும் போகவில்லை. அரங்கத்துக்காரர்கள் திருப்பிக் கொடுத்த பணத்தை வழியில் நின்று எடுத்துக்கொண்டார்கள். இனி ஆசியச் சுற்றுப்பயணம் என்று எந்த ஜப்பானியப் பாடகர் கிளம்பினாலும், எந்த ஊர் நிகழ்ச்சி ரத்தானாலும், இதே வேலையை இவர்கள் செய்வார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் நிற்கவில்லை. சுருக்கமாக: டிக்கெட் உங்கள் பெயரில் இருந்தால் போதாது, பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் போக வேண்டும். முடிந்தால் கடன் அட்டையில் கட்டுங்கள், தகராறு செய்யவாவது ஒரு வழி இருக்கும். டிக்கெட் விலை தனி, கூலி தனி என்று எழுதி வாங்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். ரத்தானால் யார், எத்தனை நாளில், எவ்வளவு தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். பயண நிறுவனம் என்றால் பயணத்துறைக் கழக உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பணம் அனுப்பும் முன் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சின்னத் தொகைத் தகராறுகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் மனு போடுகிறேன். 20,000 வெள்ளிக்குள் என்றால் வக்கீல் வேண்டாம், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த வட்டமிட்ட படம் உட்பட. ஷாங்காய் நிகழ்ச்சிக்காக மேல்மாடிக் கடை எதிலாவது பணம் கட்டி இன்னும் வராதவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.